சின்ன நிறுவனங்களுக்குத் தனியாளாகக் கணினி வேலை: எல்லாம் கொஞ்சம் தெரிந்தவருக்குப் பிழைப்பு உண்டா?

2025 ஆகஸ்ட் 3, வாசகர் கேள்வி

ஆறு வருடமாக ஒரு நிறுவனத்தின் சப்போர்ட் பிரிவில் இருக்கிறேன். நெட்வொர்க், பிரிண்டர், மெயில், இணையதளம், எக்செல், கொஞ்சம் நிரல் எழுதுவது என்று எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். எதிலும் நிபுணன் இல்லை. வேலையை விட்டுவிட்டு, ஐந்து பேர் பத்துப் பேர் இருக்கும் இடங்களுக்குத் தனியாகச் செய்து கொடுக்கலாம் என்று ஆசை. கேட்பவர்கள் எல்லாரும் "ஏதாவது ஒன்றில் ஆழமாகப் போ" என்கிறார்கள். பிழைக்க முடியுமா?

ஆகஸ்ட் 4

முடியும். பதினொரு வருடமாக நான் இதைத்தான் செய்கிறேன்.

ஆழமாகப் போ என்பவர்கள் பெரிய நிறுவனத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அங்கே எந்தப் பிரச்சினைக்கும் ஒரு துறை தயாராக இருக்கும். ஐந்து பேர் உட்காரும் கணக்கர் அலுவலகத்தில் அப்படி இல்லை. "நெட் வரவில்லை" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் நெட் நன்றாகத்தான் இருக்கும், பிரிண்டர் வேறு நெட்வொர்க் முகவரிக்கு மாறியிருக்கும். இல்லையென்றால் ஏதோ ஒரு சேவைக்குப் பணம் போகும் கார்டு காலாவதியாகியிருக்கும். கோளாறு எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

ஒரு புகைப்பட நிலையத்தில் மாலை ஆனால் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகரும், வைஃபையும் படுத்துவிடும். நெட் இணைப்புக் கொடுத்தவர்கள் வந்து லைன் சரி என்று சொல்லிப் போனார்கள். கணினி விற்றவர் மவுஸை மாற்றிக் கொடுத்தார். மறுபடி அதே கதை. நான் இரண்டு மாலை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தினமும் ஆறு மணிக்கு அங்கே வேலை பார்க்கும் பெண் அன்றைய படங்களைப் பிரதி எடுக்க ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகுவார். அது யுஎஸ்பி 3.0 டிஸ்க். அந்த வகை இணைப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கசியும். மவுஸும் அவர்களுடைய பழைய வைஃபையும் பேசிக்கொள்வது அதே அலைவரிசையில். மவுஸின் ரிசீவரோ டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையிலேயே இருந்தது. ஒரு முழ நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரை மேசைக்கு மேலே கொண்டுவந்தேன், கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினேன். தொல்லை அன்றோடு தீர்ந்தது.

முன்னால் வந்த இரண்டு பேரும் தங்கள் வேலையில் தவறு செய்யவில்லை. கோளாறு அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அந்த நடுவிடத்தில்தான் நமக்குச் சோறு.

ஆகஸ்ட் 5

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லாம் கொஞ்சம் தெரிந்தால் போதும் என்பதுபோல் இருக்கிறது. திருத்திக்கொள்கிறேன். பிரிண்டரில் தவறு செய்தால் ஒரு மணி நேரம் போகும். பேக்கப்பிலோ (தரவின் காப்புப் பிரதி) டொமைனிலோ (இணையதளமும் மெயிலும் ஓடும் பெயர்) தவறு செய்தால் ஒருவருடைய தொழிலே போய்விடும். இந்த இரண்டையும் அடிவரை படித்துக்கொண்டு வெளியே வாருங்கள். மற்றதெல்லாம் அங்கே உட்கார்ந்து தேடிக் கண்டுபிடிக்கலாம்.

ஆகஸ்ட் 10

டொமைன் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

ஒரு பல் மருத்துவருடைய இணையதளமும் மெயிலும் ஒருநாள் காலையில் காணாமல் போயின. நெட் கோளாறு என்று நினைத்து நான்கைந்து நாள் பொறுத்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பார்த்தால் டொமைன் காலாவதி. ஏழு வருடத்துக்கு முன்னால் தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே, தன் மெயிலிலேயே பதிந்திருக்கிறார். பிறகு அந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் மெயில்கள் எல்லாம் அவர் திறக்காத ஒரு பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன.

டாட் காம் போன்ற டொமைன் காலாவதியானால் உடனே கைவிட்டுப் போகாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணமாகவே புதுப்பிக்க விடுவார்கள். அவர்கள் அதை நீக்கிவிட்டால் மீட்புக் காலம் என்று 30 நாள் உண்டு, அதில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதுவும் போனால் 5 நாள் காத்திருப்பு, பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாங்கள் அந்த மனிதரை மூன்று பேர் வழியாகத் தேடிப் பிடித்தபோது 33-ஆம் நாள். நல்ல மனிதர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கணக்கைக் கொடுத்தார். ஏமாற்ற வேண்டும் என்று அவர் செய்யவில்லை. அப்போது அதுதான் சுலபமாக இருந்திருக்கும்.

அதனால் எந்த இடத்துக்கு முதல்முறை போனாலும் டொமைன் யார் பெயரில் இருக்கிறது, கணக்கு எந்த மெயிலில் இருக்கிறது, ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது என்று கேட்டுவிடுவேன். மூன்றும் உரிமையாளரிடம் வரும்வரை வேறு எதையும் தொடமாட்டேன். என்னுடைய மெயிலை எங்கேயும் கொடுப்பதில்லை. "தம்பி, உன் பெயரிலேயே போட்டுக்கொள், எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொல்வார்கள், நம்பிக்கையோடுதான் சொல்வார்கள். அதற்கு மட்டும் மறுத்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணி. டொமைன் கணக்கின் மெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் வந்து சேராது, கடவுச்சொல்லை மாற்றும் கடிதமும் வராது. இப்படி இரண்டு இடங்களில் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12

முதல் நாளில் என்ன எழுதி வைப்பீர்கள் என்று கேட்டவருக்கு: ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நோட்டு. அது அவர்களுடைய அலமாரியில் இருக்கும், என் பையில் இல்லை. ரௌட்டர் எங்கே, எந்த வயர் எங்கே போகிறது, பிரிண்டரின் முகவரி என்ன, எந்தச் சேவை எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும், கோளாறு என்றால் யாருக்கு எந்த எண்ணில் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில். கடவுச்சொல் மட்டும் நோட்டில் கிடையாது. அவை உரிமையாளர் பெயரில் உள்ள பாஸ்வேர்ட் மேனேஜரில் இருக்கும். அதைத் திறக்கும் சொல்லை அவர் கையாலேயே எழுதி, உறையில் ஒட்டி, பத்திரங்களோடு வைக்கச் சொல்வேன்.

ஆகஸ்ட் 17

பேக்கப். இதை எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு அச்சகம் நினைவுக்கு வருகிறது.

என் மூன்றாவது வருடம். தினமும் இரவு பத்து மணிக்குப் பேக்கப் ஓடும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்ப்பேன், பச்சை டிக் இருக்கும், திருப்தியாக வருவேன். பதினான்கு மாதம் கழித்து டிஸ்க் போனது. மீட்கப் போனால் காலி ஃபோல்டர். நடுவில் கணக்கு மென்பொருளைப் புதுப்பித்தபோது அது தன் தரவை வேறு ஃபோல்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தது. பேக்கப் நாள் தவறாமல் பழைய ஃபோல்டரை எடுத்திருக்கிறது. அதில் ஒன்றும் இல்லை, ஆனால் எடுத்த வேலை 'வெற்றி'. அந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை. காகித ரசீதுகளை வைத்து மூன்று பேர் ஐந்து வாரம் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். நான்காவது ஆளாக நானும் உட்கார்ந்தேன். அந்த ஐந்து வாரத்தில் கற்றுக்கொண்டதை எந்தச் சான்றிதழ்ப் படிப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. 2017 ஜனவரி 31 அன்று நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரலை வைத்துக்கொள்ளும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப் முறைகள் பல இருந்தன. தினசரி பேக்கப் எடுக்கும் நிரல் பழைய பதிப்பு, தரவுத்தளம் புதிய பதிப்பு, அதனால் அது பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மெயில்களும் சரியான கையொப்பம் இல்லாமல் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே முழுவதுமாக எழுதி வெளியிட்டார்கள். தேடிப் படியுங்கள், நம் வேலைக்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

3-2-1 விதி எல்லாருக்கும் தெரியும்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். நான் அதோடு ஒன்று சேர்த்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, போன மாதத்து ஃபைல் ஒன்றை உரிமையாளரே சொல்ல வேண்டும். அதை வேறு ஒரு கணினியில் மீட்டு, அவர் கண் முன்னால் திறந்து காட்டுவேன். தேதியும் ஃபைலின் பெயரும் நோட்டில் ஏறும்.

ரெய்டு, அதாவது ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு, பேக்கப் ஆகாது: ஒரு டிஸ்க்கில் அழித்தால் அதே நொடியில் மற்றதிலும் அழியும். மேகத்தோடு (இணையச் சேமிப்பகத்தோடு) ஒத்திசைக்கும் ஃபோல்டரும் அப்படித்தான். கணினியில் ஃபைலைப் பூட்டும் வைரஸ் புகுந்தால் பூட்டிய ஃபைலையே அது நல்ல பிள்ளையாக மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

ஆகஸ்ட் 18

அப்படி மீட்டுத் திறந்து காட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது நிமிடம்.

செப்டம்பர் 7

கேள்வி கேட்ட தம்பிக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்துவிட்டாராம். மனதுக்குச் சந்தோஷமாக இருந்தது. மணிக்கணக்கில் வாங்குவதா, மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதா என்று கேட்கிறார்.

முதல் நான்கு வருடம் மணிக்கணக்கு. பத்து நிமிடத்தில் தீர்த்தால் பத்து நிமிடக் காசு, தடுமாறித் தீர்த்தால் அதிகக் காசு. அதைவிட மோசம், ஒவ்வொரு அழைப்பும் செலவு என்பதால் அவர்கள் கூப்பிடத் தயங்கினார்கள். டிஸ்க் கரகர என்று சத்தம் போட்டபோது கூப்பிடாமல், நின்ற பிறகு கூப்பிட்டார்கள். மாதக் கட்டணத்துக்கு மாறிய பிறகு சத்தம் வரும்போதே போன் வருகிறது. என் வருமானம் கூடியதைவிட அதுதான் பெரிய மாற்றம்.

ஆனால் மாதக் கட்டணத்தில் எது சேராது என்பதை எழுதி வைத்தாக வேண்டும். வீட்டில் பிள்ளைகளின் போன், சொந்தக்காரர் லேப்டாப், புது அறைக்கு வயர் இழுப்பது எல்லாம் தனி. நான் இதை எழுதாமல் விட்ட இடத்தில் அவர்களுக்கும் எனக்கும் மனஸ்தாபம் வந்தது. தவறு என்னுடையது, அவர்களுக்கு எல்லை தெரிய வாய்ப்பே இல்லை.

செப்டம்பர் 8

பொருள் வாங்கி விற்பதைப் பற்றி விட்டுவிட்டேன். முன்பு கணினி, ரௌட்டர் வாங்கிக் கொடுத்து லாபம் வைத்தேன். ஒருநாள் ஒரு அக்கா, "பழையதே ஓடும் என்றால் சொல்லுங்கள் தம்பி" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் நான் பதில் சொல்ல ஒரு நொடி எடுத்துக்கொண்டேன், அந்த ஒரு நொடி எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து பில் அவர்கள் பெயரில், வாரண்டி அவர்கள் பெயரில், காசு அவர்களே கட்டுவார்கள். எனக்கு நேரத்துக்கு மட்டும்.

செப்டம்பர் 21

"சின்னதாக ஒரு மென்பொருள் நீங்களே எழுதிக் கொடுத்துவிடலாமே" என்று கேட்பார்கள். நிரல் தெரிந்தவனுக்கு இதைவிட இனிப்பான பேச்சு கிடையாது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஓர் உதிரிபாகக் கிடங்கில் இருப்புக் கணக்கை எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலில் வைத்திருந்தார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும். புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றால் 10,48,576. அவர்கள் எல்லையைத் தொட்டுவிட்டார்கள். இதே எல்லையில்தான் 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 15,841 கொரோனா நோயாளிகளின் பதிவைத் தினசரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. ஆக, பிரச்சினை உண்மையானதுதான். புதிய வடிவத்துக்கு மாற்றிவிட்டு, சந்தையில் இருக்கும் ஒரு இருப்பு மென்பொருளைக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். நான் உற்சாகத்தில் சொந்தமாக எழுதிக் கொடுத்தேன். அது இன்னும் ஓடுகிறது. அதில் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. டொமைனைத் தன் பெயரில் போட்டுக்கொண்டவரைப் பற்றி ஆகஸ்டில் எழுதினேன் அல்லவா, நான் செய்ததும் அதேதான். இந்த வருடம் தரவை வெளியே எடுத்து வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன், கட்டணம் வாங்காமல்.

அக்டோபர் 14

இன்று விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது. 2015 ஜூலையில் வந்தது, பத்து வருடம் தாண்டி ஓடிவிட்டது.

என் பொறுப்பில் 41 கணினிகள். 26 ஏற்கெனவே விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டன. மிச்சம் 15-இல் ஆறு, 'விண்டோஸ் 11 ஏற்காது' என்று காட்டினாலும் நல்ல இயந்திரங்கள்தான். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் (கணினி எழும்போது வரும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டிருந்தது, திறந்துவிட்டதும் ஏற்றுக்கொண்டன. இதைப் பார்க்காமல் புதுசு வாங்கச் சொல்லிவிடாதீர்கள். ஏழு, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப். அவற்றை மாற்றியாக வேண்டும், மாற்றினோம். ஒன்றுக்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு வாங்கினோம். கடைசி ஒன்று அந்த அச்சகத்தின் வெட்டும் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட கணினி, அந்த இயந்திரத்தை ஓட்டும் டிரைவர் மென்பொருள் புதியதில் ஓடாது. அதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டேன். ஃபைல் பென் டிரைவில்தான் போக வேண்டும்.

"இன்றைக்கே நின்றுவிடுமா தம்பி?" என்று அச்சக அண்ணன் கேட்டார். நிற்காது அண்ணே, நின்றால் எனக்கு வேலை சுலபம். நாளைக்கும் அதேபோல் எழும், அதனால்தான் யாரும் மாற்றமாட்டேன் என்கிறார்கள். 2017-இல் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியது மே 12-ஆம் தேதி. அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது மார்ச் 14. நடுவில் 59 நாள். திருத்தம் வந்தும் போடாத கணினிகளுக்கே அந்தக் கதி. இனிமேல் திருத்தமே வராத கணினி எப்படி இருக்கும் என்று அவரிடம் நாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். கழற்றச் சம்மதித்தார்.

அக்டோபர் 27

"என் மெயில் எல்லாம் ஸ்பேமுக்குப் போகிறது" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர். மூன்று இடத்திலும் முதலில் பார்த்தது டிஎன்எஸ், அதாவது டொமைனின் இணையதளமும் மெயிலும் எங்கே என்று சொல்லும் பதிவுகள். ஒன்றில் எஸ்பிஎஃப் பதிவு (இந்த டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) இரண்டு இருந்தது. மெயில் வைத்தவர் ஒன்று போட்டார், பிறகு விளம்பர மெயில் அனுப்ப வந்தவர் இன்னொன்று போட்டார். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுபவர் இரண்டையும் பிழை என்று எடுத்துக்கொள்வார். இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக்கினேன். சேர்க்கும்போது பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகாமல் பாருங்கள், போனால் அதுவும் பிழைதான். டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. சின்ன இடங்களுக்கும் இருப்பதுதான் நல்லது.

கிட்லேப் கதையில் எச்சரிக்கை மெயில் தொலைந்ததும் இந்தக் கையொப்பச் சிக்கலால்தான். அதைப் படித்த பிறகு பேக்கப் தோற்றால் மட்டும் மெயில் வா என்பதை மாற்றி, தினமும் எத்தனை ஃபைல், எவ்வளவு அளவு என்று மெயில் வரும்படி வைத்தேன். மெயில் வராத நாள்தான் எனக்கு மணி அடிக்கும்.

நவம்பர் 16

மூன்று வாரம் இங்கே வரவில்லை. திடீரென்று அறுவை சிகிச்சை. ஒன்பது நாள் போனைத் தொடவில்லை.

ஆகஸ்டில் யாராவது என்னிடம், இந்தத் தொழிலில் எது முக்கியம் என்று கேட்டிருந்தால், கூப்பிட்டால் போன் எடுப்பது என்று சொல்லியிருப்பேன். பதினொரு வருடமாக அப்படித்தான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். படுத்துக் கிடந்தபோது அந்தப் பெருமை பயமாக மாறிவிட்டது. தனியாள் என்றால் ஒரே ஆள்தானே. பல் மருத்துவர், அச்சகம், கணக்கர், எல்லாருடைய வேலையும் என் ஒரு போனில் தொங்குகிறது.

இதே வேலை செய்யும் நண்பர் ஒருவர் என் இடங்களைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் வாடிக்கையாளரை ஒருவர் பறிப்பதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஒன்பது நாளில் ஏழு அழைப்பு. ஐந்தில் அவர் என்னைக் கேட்கவே தேவைப்படவில்லை, நோட்டைப் பார்த்துச் செய்தார். ஒன்றில் அவரும் தேவைப்படவில்லை. கணக்கர் அலுவலகத்தில் வரவேற்பில் இருக்கும் பெண், எந்தப் பெட்டியை அணைத்து எதை முதலில் போட வேண்டும் என்று நோட்டில் பார்த்துத் தானே செய்து, நெட்டைக் கொண்டுவந்துவிட்டு, "செய்துவிட்டேன், நீங்கள் வர வேண்டாம்" என்று அவருக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதனால் ஆகஸ்ட் 4 குறிப்பில் ஒன்று சேர்க்கிறேன். தம்பி, வேலையை விடுவதற்கு முன் உங்களைப் போல இன்னொருவரைத் தேடிப் பிடியுங்கள். நோட்டை உங்கள் நினைவுக்காக எழுதாதீர்கள், அவர் படிப்பதற்காக எழுதுங்கள்.

ஏழாவது அழைப்பில் என் நோட்டிலேயே தவறு. அதை நிதானமாக எழுதுகிறேன், இன்னும் உட்கார முடியவில்லை.

நவம்பர் 30

தவறு இதுதான். பிரிண்டருக்கு 192.168.1.50 என்று நிலையான முகவரி கொடுத்து நோட்டில் எழுதியிருந்தேன். ரௌட்டர் தானாக முகவரி கொடுக்கும் வரம்பு (கடைசி எண்) 2 முதல் 254 வரை, 50-உம் அதற்குள், என்று இருந்ததை மாற்ற மறந்துவிட்டேன். மூன்று வருடம் மோதாமல் ஓடியிருக்கிறது. நான் படுத்திருந்த வாரத்தில் யாரோ புது போன் கொண்டுவர, ரௌட்டர் அதற்கு 50-ஐக் கொடுத்துவிட்டது, பிரிண்டர் தொலைந்தது. நண்பர் வரம்பை 100 முதல் 200 என்று சுருக்கியிருக்கிறார்.

இங்கே என் நோட்டின் மாதிரியைக் கேட்டு வாங்கியவர்கள் நான்கு பேர். அதில் நான்காம் பக்கத்தில் பிரிண்டர் முகவரிக்குக் கீழே ரௌட்டரின் வரம்பை எழுத ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எழுதி வைத்த இடங்களுக்குப் போய் ரௌட்டரைத் திறந்து பாருங்கள். என் இடங்களில் ஆறு பார்த்துவிட்டேன், இரண்டில் இதே தவறு இருந்தது. மிச்சம் இந்த வாரம்.